முகம் பாராமல் வார்த்த நீர்

“இத்தனை வருஷமா இந்த வாசல்ல நிக்கிறீங்களே, வந்துபோன பெரியவங்கள்ல ஒருத்தர் முகமாவது ஞாபகம் இருக்காம்மா?”

வழித்துணை மடத்தின் வரலாற்றை எழுத வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் உலகம்மாளிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். உலகம்மாள் செம்பைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூச்சத்தோடு சொன்னார்.

“முகம் ஒண்ணும் தெரியாதுய்யா. காலுதான் பாத்திருக்கேன்.”

ஆசிரியர் சிரித்துவிட்டார். அது விளையாட்டுப் பேச்சு அல்ல. உண்மையிலேயே அந்த அம்மையார் மடத்துக்கு வந்தவர் ஒருவருடைய முகத்தையும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் அவருக்கு இடப்பட்ட விதி.

சிற்றாற்றங்கரையில் மருதன்துறை என்னும் ஊரில் இருக்கிறது வழித்துணை மடம். அதன் வாசலில் ஆள் படுக்கும் நீளத்தில் ஒரு கல்தொட்டி. பொழுது விடியும் முன்பே உலகம்மாள் ஆற்றில் குளித்து, ஈரச் சேலையோடு குடத்தில் நீர் மொண்டு வருவார். துணியில் வடிகட்டித் தொட்டியை நிரப்புவார். ஒரு கைப்பிடி வில்வ இலையை உருவிப் போடுவார். பிறகு நெற்றியில் நீறு பூசிக்கொண்டு தொட்டியின் விளிம்பைத் தொட்டுக் கும்பிடுவார். அவருக்குப் பதிகம் பாடத் தெரியாது, மந்திரம் தெரியாது. அவர் சொல்லும் வேண்டுதல் இவ்வளவுதான்: “இன்னைக்கு வாரவரு நீதான்னு நெனச்சுக்கிடுதேன் சாமி. நீயா இல்லேன்னாலும் பரவாயில்ல.”

அதன்பின் தலைகுனிந்து நிற்பார். கால்கள் வரும். செம்பில் மொண்டு வார்ப்பார். கால்கள் உள்ளே போகும். அடுத்த கால்கள் வரும்.

இந்த விதியை வைத்தவர் மடத்தை நிறுவிய வழித்துணை சுவாமிகள். குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் சனங்கள் நடந்தே போன காலம் அது. சுவாமிகள் ஆற்றோரம் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு, வருகிறவர்களின் காலுக்குத் தாமே நீர் வார்த்து, உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றினார். கொட்டகை நாளடைவில் கல் கட்டடமாயிற்று. அடுக்களை வந்தது, பந்திக்கூடம் வந்தது, துறவிகள் தங்கச் சின்னச் சின்ன அறைகள் வந்தன. செல்வந்தர்கள் நிலம் எழுதிவைத்தார்கள். மடம் எவ்வளவு பெருத்தபோதும் சுவாமிகள் வாசலை விட்டு நகரவில்லை. நீர் வார்ப்பவர் நிமிரக் கூடாது என்றும் சொல்லிவைத்தார். “முகத்தைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஆள் தெரிந்தால் கை தண்ணீரைக் கூட்டும், குறைக்கும்” என்பது அவர் சொன்ன காரணம். அவர் சமாதியானபோது பின்கட்டில் ஓர் அறையில் அடக்கம் செய்தார்கள். வாசல் பணி ஒருவர் மாற்றி ஒருவராகத் தொடர்ந்து வந்தது.

உலகம்மாள் அந்தப் பணிக்கு வந்தது இளம் வயதில். அவருடைய கணவர் பனையேறி. ஒருநாள் ஈரப் பனையிலிருந்து வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையோடு நின்றவருக்கு அப்போதைய மடத் தலைவர் சிவநேசத் தம்பிரான் வாசல் வேலையைக் கொடுத்தார். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. தாலி அறுத்தவள் கையால் துறவிகளுக்கு நீர் வார்ப்பதா என்று நாலு பெரிய மனிதர்கள் தம்பிரானிடமே வந்து கேட்டார்கள்.

தம்பிரான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாராம்: “எந்தக் காலாவது இது யாரு கைன்னு கேட்டுதா? கேட்டா சொல்லுங்க, நிப்பாட்டிருதேன்.”

வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள்.

குழந்தையின் பெயர் பேச்சி. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு தொட்டியோரமே வளர்ந்தாள். ஏழு வயதில் மஞ்சள் காமாலை கண்டது. நாட்டு மருந்தும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியும் காப்பாற்றவில்லை. அது ஆடி மாதம். சங்கரன்கோவில் தபசுக்குப் போகும் கூட்டம் ஊரைக் கடந்துகொண்டிருந்தது. பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள் காலை, வாசலில் வேறு ஆளை நிறுத்தலாம் என்று தம்பிரான் வந்து பார்த்தபோது, தொட்டி நிறைந்திருந்தது. உலகம்மாள் செம்போடு நின்றிருந்தார்.

அன்று முற்பகலில் கூட்டத்தின் நடுவே ஒரு சின்னக் கால் வந்து நின்றது. வெள்ளிக் கொலுசு, புழுதி ஏறிய குட்டி விரல்கள். உலகம்மாளின் செம்பில் பாதி நீர் தரையில் சிந்தியது. மறுபடி மொண்டு வார்த்தார். கொலுசுச் சத்தம் உள்ளே ஓடி மறைகிறவரைக்கும் குனிந்த தலை நிமிரவில்லை.

பந்தி முடிந்து அடுக்களைக்காரிகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தி, “பிள்ளைகளப் பாக்கும்போதெல்லாம் ஒனக்கு வயிறு எரியுமே ஒலகு” என்று அழுதாள்.

“இல்லக்கா” என்றார் உலகம்மாள். “முகத்தப் பாத்தாத்தான அது வேற ஒருத்தி பிள்ள.”

அதற்குப் பிறகு யாரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. சுவாமிகள் வைத்த விதி அந்தத் தாய்க்கு இப்படி ஒரு கதவைத் திறந்துவைக்கும் என்று யார் எண்ணியிருப்பார்கள்?

காலம் மாறிற்று. ஊருக்குள் பேருந்து வந்தது. சங்கரன்கோவிலுக்கு நடந்து போகிறவர் குறைந்தார்கள். நிலங்கள் ஒவ்வொன்றாய்க் கைவிட்டுப் போயின. சிவநேசத் தம்பிரான் தமக்குப் பின் ஒருவரையும் நியமிக்காமல் கண்ணை மூடினார். உரிமை கொண்டாடி மூன்று பேர் வழக்குப் போட, மடத்துக்குப் பூட்டு விழுந்தது. உள்ளே வௌவால் அடைந்தது. ஓட்டுக்கூரையில் ஆல் முளைத்தது.

உலகம்மாளுக்குக் கூலி கொடுக்க ஆளில்லை. வீட்டில் பீடி சுற்றி வயிற்றைக் கழுவினார். ஆனால் விடியுமுன் குடம் ஆற்றுக்குப் போவதும் தொட்டி நிறைவதும் நிற்கவில்லை. பூட்டிய கதவின் முன்னால் அவர் செம்போடு நின்றார்.

எதிரே டீக்கடை வைத்திருந்த ஐயம்பெருமாளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. கடையில் நாலு பேர் இருந்தால் குரலை உயர்த்துவார்.

“என்ன ஒலகு, சாமி இன்னைக்கு நடந்து வாராரா, பஸ்ஸுல வாராரா?”

“எதுல வந்தாலும் எறங்கி நடந்துதான அண்ணாச்சி வாசலுக்கு வரணும்?”

“வந்து? பூட்ட நக்கிட்டுப் போகவா?”

கடையே சிரிக்கும். உலகம்மாளும் லேசாகச் சிரித்துக்கொள்வார். ஆடு மேய்ப்பவர், செங்கல் சூளைக்குப் போகிறவர், வயல் வேலை முடித்து வருகிறவர், மனநிலை தவறி ஊர்ஊராய் அலைகிறவர் என்று யாராவது வருவார்கள். கால் நனைந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சு அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு கோடையில் ஆறு மணலாகி, குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தபோது, தம் வீட்டுக்குப் பிடித்த குடத்தைத் தொட்டியில் கொண்டுவந்து ஊற்றினார். பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். மறுநாளும் அவர் குடம் தொட்டிக்குத்தான் போயிற்று.

நெடுநாள் கழித்து வழக்கு முடிந்தது. மடம் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அவர்கள் அதைக் கலை பண்பாட்டு மையமாக்கத் தீர்மானித்தார்கள். ஆலங்கன்றைப் பிடுங்கினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சிவப்பு மெருகு. பந்திக்கூடம் அரங்கமாயிற்று. அடுக்களையில் பழைய அண்டாக்களைத் துலக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். துறவிகளின் அறைகளில் வீணையும் மிருதங்கமும் கற்பித்தார்கள். பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடினார்கள். சுவாமிகளின் சமாதி அறையை மட்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவைத்தார்கள்.

உள்ளே தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த செல்லத்தாய்க்கு இந்த மாற்றங்கள் பிடிக்கவில்லை. “மதினி, தம்பிரான் தவம் பண்ணுன ரூம்புல ஒரு பிள்ள நின்னு தொம்தொம்னு குதிக்கா” என்று குறைப்பட்டாள்.

“குதிக்கட்டுமே. வௌவாலுக்கு இது தேவலல்லா? மடத்துக்குள்ள மறுபடி மனுச சத்தம் கேக்குதுட்டீ” என்று மகிழ்ந்தார் உலகம்மாள்.

ஆனால் வந்தவர்கள் காலணியோடு வந்தார்கள். “ஐயோ, ஷூ நனையுது பாட்டி!” என்று விலகி ஓடினார்கள். அவர் தொட்டியோரம் ஒதுங்கி நின்றுகொண்டார். கழற்றிய காலுக்கு வார்த்தார், கழற்றாதவர்களுக்கு வழிவிட்டார்.

மையத்தின் மேலாளராக நவநீதன் என்பவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கெட்டிக்காரர், உழைப்பாளி. மடத்தின் பழைய செய்திகளையெல்லாம் ஆசையோடு தேடித் திரட்டினார். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடித்தபோது, அதில் ‘பாரம்பரியப் பாதநீர் வரவேற்பு’ என்று ஒரு வரியும் சேர்த்தார். உலகம்மாளைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்.

“அம்மா, விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வர்றார். பெரிய அதிகாரி. அவர் காலுக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும். பட்டுப்புடவை எடுத்துத் தரோம், வெள்ளிச் செம்பு தரோம். ஊத்தும்போது நிமிர்ந்து கேமராவைப் பார்த்து லேசா சிரிச்சாப் போதும்.”

“நிமிரப்படாது சாமி.”

“ஒரு நிமிஷம்தான்மா. இனிமே முக்கியமானவங்க வரும்போது மட்டும் இதைச் செஞ்சாப் போதும். மாசச் சம்பளம் உண்டு.”

உலகம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார். “யாருக்கு ஊத்துதேன்னு எனக்குத் தெரியப்படாது சாமி. தெரிஞ்சா அது வேற வேல. அதுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

நவநீதன் எவ்வளவோ பேசிப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “அழைப்பிதழ்ல போட்டாச்சு. அதனால விழா அன்னைக்கு உங்க இஷ்டப்படி குனிஞ்சே ஊத்துங்க. அன்னைக்குச் சாயங்காலம் தொட்டியைப் பெயர்த்து உள்ளே காட்சிக்கு வெச்சிடுவோம். அதுக்கப்புறம் நீங்க வர வேண்டாம்.”

“சரி சாமி” என்றார் உலகம்மாள்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் செல்லத்தாய் அழுதாள். “நிமிந்து ஒரு இளி இளிச்சிட்டுப் போனா என்ன மதினி? தொட்டியாவது வாசல்ல கெடக்குமே!”

“கெடக்கும். தண்ணி இருக்காதுட்டீ” என்றார் உலகம்மாள்.

விழா நாள் வந்தது. கடைசி நாள் என்பதால் தொட்டியை வைக்கோலால் தேய்த்துக் கழுவி, விளிம்பு தளும்ப நிரப்பினார். மையத்தார் கொடுத்த வெள்ளிச் செம்பில் பன்னீரும் ரோஜா இதழும் இருந்தன. செம்பை வாங்கிக்கொண்டார், பட்டுச்சேலையை மட்டும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. புகைப்படக்காரர்கள் இருபுறமும் குந்தியிருந்தார்கள்.

சாலையில் கார்கள் நிற்கும் ஓசை கேட்டது. “வந்துட்டார், ரெடி!” என்று நவநீதன் கூவிக்கொண்டு கார்ப் பக்கம் ஓடினார். உலகம்மாள் தலை குனிந்துகொண்டார்.

கால்கள் வந்து நின்றன.

செருப்பில்லாத கால்கள். முழங்கால் வரை சேறு காய்ந்து உரிந்திருந்தது. குதிகாலில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. கட்டைவிரல் நகம் தேய்ந்து இல்லாமலே போயிருந்தது. உலகம்மாள் எத்தனையோ கால்களைப் பார்த்தவர். இவ்வளவு தூரம் நடந்த கால்களை அவர் பார்த்ததில்லை. ‘ஐயோ, எவ்வளவு வலிக்கும்’ என்று மட்டும் நினைத்தார். பன்னீர்ச் செம்பைச் சரித்தார். போதவில்லை. தொட்டியில் மொண்டு மொண்டு வார்த்தார். வெடிப்புக்குள் நின்ற மண்ணெல்லாம் கரைந்து ஓடும்வரை வார்த்தார். மேலே ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. கால்கள் நிதானமாக வாசற்படி ஏறி உள்ளே போயின.

விருந்தினரை அழைத்துக்கொண்டு நவநீதன் வந்து பார்த்தபோது, கம்பளமெங்கும் சேறு. வெள்ளிச் செம்பு காலி. யாரோ ஓர் அழுக்கு வேட்டிக் கிழவர் மூட்டையோடு உள்ளே போகும் முதுகு மட்டும் தெரிந்தது. “பரவாயில்லை, நேரமாகுது” என்று விருந்தினர் சேற்றைத் தாண்டிப் பூட்ஸ் காலோடு அரங்கத்துக்குப் போய்விட்டார். ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை.

“யாருக்கும்மா ஊத்தினீங்க?” என்றார் நவநீதன்.

“தெரியாது சாமி. காலு வந்து நின்னுது. ஊத்துனேன்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். “செல்லத்தாயி! துடைப்பத்தை எடுத்துட்டு வாங்க. அந்தாள் எங்கே போனான்னு பார்த்து வெளியே அனுப்பணும்.”

மெருகேற்றிய சிவப்புத் தரையில் ஈரக் காலடிகள் பளிச்சென்று தெரிந்தன. நவநீதன் முன்னே போக, செல்லத்தாய் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். காலடிகள் அரங்கத்துக்குள் நுழையவில்லை. பழைய அடுக்களையைத் தாண்டின. வீணை வகுப்பைத் தாண்டின. வழி கேட்டுத் தயங்கிய தடமே இல்லை. சொந்த வீட்டுக்குள் போவதுபோல் நேராகப் பின்கட்டுக்குப் போயின. சமாதி அறையின் கதவு வரைக்கும் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

கதவில் பூட்டு தொங்கியது. சாவி நவநீதனின் சட்டைப்பையில் இருந்தது.

அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு திறந்தார். பல ஆண்டுப் புழுதி தரையில் கனமாகப் படிந்திருந்தது. அந்தப் புழுதியின்மேல், வாசற்படிக்கு உட்புறத்திலிருந்து தொடங்கி, அதே காலடிகள் ஈரம் உலராமல் போயின. சுவாமிகளின் சமாதி மேடையை எட்டின. அங்கே முடிந்துவிட்டன. அறையில் ஒருவரும் இல்லை. வேறு கதவும் இல்லை. ரோஜா இதழ் ஒன்று மட்டும் மேடையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்லத்தாய் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், சொன்ன வேலையைச் செய்யத் துணியை வாளியில் முக்கினாள்.

“துடைக்காதீங்க” என்றார் நவநீதன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செல்லத்தாய் வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். மூச்சிரைத்தது. “மதினி... மதினி... நீ தண்ணி ஊத்துனியே அந்தக் காலு, அது யாரு தெரியுமா? பூட்டுன ரூம்புக்குள்ள...”

“சொல்லாத.” உலகம்மாள் சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். “யாருன்னு சொல்லாதட்டீ. தெரிஞ்சிட்டா நாளைக்கு வாரவருக்கு என் கை கொறைச்சிரும்.”

நாளைக்கு அந்த வாசலில் தமக்கு இடமில்லை என்பதையும் அந்த நேரத்தில் அவர் மறந்துபோனார். செல்லத்தாய் அவரைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். ஆண்டவனே வந்து நின்றாலும் அவன் யாரென்று கேளாமல் கால் கழுவி அனுப்பும் அன்பு எத்தகையது! அப்படிப்பட்ட அன்பைத் தேடி அவன் எவ்வளவு தூரமும் நடப்பான் போலும்.

மாலையில் விழாக் கூட்டம் கலைந்தது. சொன்னபடியே தொட்டியைப் பெயர்க்க ஆட்கள் கடப்பாரையோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். “தள்ளிக்கோங்க தாயி, தண்ணியத் தொறந்து விடணும்” என்றான் ஒருவன். உலகம்மாள் தொட்டியின் விளிம்பை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

அப்போது உள்ளேயிருந்து யாரோ நடந்து வரும் ஓசை கேட்டது. பழக்கத்தால் அவர் தலை குனிந்தது. கை செம்பை எடுத்தது.

இரண்டு கால்கள் தொட்டிக்கும் கடப்பாரைக்காரர்களுக்கும் நடுவே வந்து நின்றன. வெயில் படாத வெளுத்த கால்கள். கணுக்காலைச் சுற்றி, அப்போதுதான் கழற்றிய காலுறையின் தடம் சிவந்திருந்தது. அவர் அதற்கு முன் பார்த்திராத கால்கள் அவை. நவநீதனை அவர் ஒருநாளும் காலணியில்லாமல் கண்டதில்லை.

உலகம்மாள் நீர் வார்த்தார். காலையில் வார்த்த அதே அளவு நிதானத்தோடு, விரலிடுக்கெல்லாம் நனையும்படி வார்த்தார். மேலே ஒரு விம்மல் அடங்குவது கேட்டது. வந்து நின்றவரின் கை ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும். ஆட்கள் கடப்பாரைகளைத் திரும்ப வண்டியில் போட்டார்கள், வண்டி கிளம்பிப் போயிற்று.

தொட்டியில் நீர் அசைந்து அடங்கியது. அந்தக் கால்கள் இன்னும் சிறிது நேரம் அங்கேயே நின்றன. பிறகு தெருவில் இறங்கி வெறுங்காலோடு நடந்து போயின.